எக்ஸ்ப்ளோரர் 50 சூடானா நின்னுடுது

வேலூர்ல இருந்து எழுதறேன். அப்பாவோட என்ஃபீல்டு எக்ஸ்ப்ளோரர், 80கள்ல வந்த 50 சிசி டூ ஸ்ட்ரோக், பொம்மை பைக் மாதிரியே இருக்கும், டேங்க் மேல என்னை உக்கார வச்சு இளையராஜா பாட்டு கேசட்ல பதிய கூட்டிட்டுப் போவாரு, எடைக்குப் போட மனசு வரல. பத்து வருஷம் ஷெட்டுல போட்டது என் தப்புதான்.

போன மாசம் வெளிய எடுத்தேன். காலைல ரெண்டு உதைல ஸ்டார்ட் ஆகுது, பத்து நிமிஷத்துல சூடாகி நின்னுடுது, அரை மணி ஆறினா திரும்ப ஓடுது. கார்புரேட்டர் கழுவியாச்சு, பிளக், கண்டென்சர் புதுசு, பாயிண்ட்டோட (ஸ்பார்க்குக்காக கரண்டை வெட்டி விடற சின்ன சுவிட்ச்) இடைவெளியும் சரியா வச்சாச்சு, டேங்க் மூடி ஓட்டைகூட ஊதிப் பார்த்தாச்சு. நின்ன உடனே பார்த்தா ஸ்பார்க் மஞ்சளா, மெலிசா வருது, அதனால ஸ்பார்க்குக்கு வோல்டேஜ் ஏத்திக் கொடுக்கற இக்னிஷன் காயில் மேலதான் சந்தேகம். ஒரிஜினல் கிடைக்கல, மெக்கானிக் அண்ணனும் கையை விரிச்சுட்டாரு.

இதுக்கு வேற எந்த வண்டியோட இக்னிஷன் காயில் பொருந்தும்?