மறு: ‘பிஸ்கல் ஸ்பான்சர்’ – ‘நிதிப் புரவலர்’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

> தன்னார்வக் குழுவின் சார்பில் நன்கொடையை வாங்கி வைத்திருக்கும் அமைப்பை ‘நிதிப் புரவலர்’ எனலாம். ஸ்பான்சர் என்றாலே புரவலர்தானே?

ஈப்போ அண்ணன் சொல்வது அகராதிப்படி சரி. ஆனால் புரவலர் என்றால் தன் பொருளை எடுத்துக் கொடுப்பவர். பாரியையும் குமணனையும் அப்படித்தான் படித்திருக்கிறோம். நாம் பேசுகிற அமைப்போ தன் பையிலிருந்து ஒரு காசும் தருவதில்லை. ஊரார் தரும் பணத்தை வாங்கி, கணக்கு எழுதி, குழு கேட்கும் செலவுக்கு எடுத்துக் கொடுக்கிறது. தன்னார்வலர்கள் உருவாக்கும் டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு வரும் நன்கொடையை அமெரிக்காவில் இப்படி வைத்திருப்பது 1997இல் பதிவான ‘சாப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்டரஸ்ட்’ என்ற அமைப்பு. நன்கொடையில் 5 விழுக்காட்டைத் தன் நிர்வாகச் செலவுக்கு எடுத்துக்கொள்கிறது. பரிசிலில் கழிவு பிடித்த புரவலரை எந்தப் புலவரும் பாடியதாகத் தெரியவில்லை.

இந்தச் சொல் நமக்கு இப்போதே தேவை. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் மொழிபெயர்ப்புக் குழுவுக்கு, தோட்டத்துப் பள்ளியில் படித்துப் பெரிய வேலைக்குப் போன ஒருவர் 500 வெள்ளி (ரிங்கிட்) தருவதாகச் சொன்னார். யார் கணக்கில் போடுவது என்ற கேள்வியோடு பேச்சு நின்றுவிட்டது. சங்கப் பதிவிலாகாவில் பதியாத குழுவின் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்க வழியில்லை. என் கணக்கில் போட்டால் ஊர் கண்ணுக்கு அது என் பணம். நாளை நான் கண்ணை மூடினால் என் பிள்ளைகளின் பணம்.

> பணமே வேண்டாம். வந்தால் சண்டைதான்.

தாப்பா தம்பியின் அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. டெபியனின் ‘எட்ச்’ பதிப்பை 2006 டிசம்பருக்குள் முடிப்பதற்காக, வெளியீட்டுப் பொறுப்பாளர்களுக்குப் பணம் கொடுக்க ‘டங்க்-டேங்க்’ என்றொரு முயற்சி நடந்தது. சும்மா உழைத்துக்கொண்டிருந்த மற்றவர்களில் சிலர் மனம் கசந்து கையைத் தளர்த்தினார்கள். பதிப்பு 2007 ஏப்ரலில்தான் வந்தது. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். இணையத்தின் பெரும்பகுதி தன் பாதுகாப்புக்கு நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருளுக்கு ஆண்டு நன்கொடை ஏறக்குறைய 2,000 டாலர்தான் வந்துகொண்டிருந்தது. 2014இல் அதிலிருந்த ‘ஹார்ட்பிளீட்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்ட பிறகே பெரிய நிறுவனங்கள் பணப்பையைத் திறந்தன. ஆகவே வாங்கலாம் என்பது என் கட்சி. வைத்திருப்பவர் ஒருவர், செலவை முடிவு செய்பவர் வேறொருவர் என்பது மட்டும் முதல் நாளே தெளிவாக இருக்க வேண்டும். ‘புரவலர்’ என்ற சொல் அந்தத் தெளிவைத்தான் கெடுக்கிறது. புரவலருக்கு முன் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்கள்.

எங்கள் ஊருக்கு இது புதிதில்லை. எங்கள் ஊர்க்காரரான அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டினார்கள். பணம் அவர்களுடையது, பொறுப்பு சங்கத்துடையது. சங்கத்தை யாரும் புரவலர் என்று அழைக்கவில்லை.

ஆகவே என் பரிந்துரை: நிதிப்பொறுப்பகம். பதிப்பகம், காப்பகம் போல அமைப்பைக் குறிக்கும். வினை வேண்டுமென்றால் ‘நிதிப்பொறுப்பேற்றல்’. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “இத்திட்டத்தின் நிதிப்பொறுப்பகம் மாறியுள்ளது, பழைய கணக்குக்குப் பணம் அனுப்ப வேண்டாம்.” உறுத்தவில்லை. 2024இல், பல குழுக்களின் நன்கொடையை வைத்திருந்த ‘ஓப்பன் கலெக்டிவ் பவுண்டேஷன்’ தன்னைக் கலைத்துக்கொள்வதாக அறிவித்தபோது, பல குழுக்கள் இப்படி ஓர் அறிவிப்பை எழுத வேண்டியிருந்தது.

‘அறங்காவலர்’ சட்டத்தில் வேறு பொருள் கொண்டது. ‘நிதிக் காப்பாளர்’ என்றால் எனக்கு விடுதி வார்டன்தான் நினைவுக்கு வருகிறார்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து

---

ஐயா, புரவலரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் நன்கொடைப் பக்கத்தின் பெட்டியில் ‘நிதிப்பொறுப்பகம்’ இரண்டு வரிக்கு மடங்குகிறது. ‘பொறுப்பகம்’ என்று சுருக்கலாமா? அந்த 5 விழுக்காட்டுக்கும் ஒரு சொல் வேண்டும். ‘கழிவு’ என்றால் தரகு வாடை அடிக்கிறது.
– ஈப்போ

---

அண்ணன், பெட்டிக்குள் சுருக்கலாம். விளக்கப் பக்கத்தில் முழுச்சொல் இருக்கட்டும். 5 விழுக்காட்டுக்கு ‘பிடித்தம்’ போதும். சம்பளச் சீட்டில் சேமநிதிக்கு நேரே அதைப் பார்த்துப் பழகியவர்கள்தானே நாம். தாப்பா தம்பி மறுக்கவில்லை என்றால் வெள்ளிக்கிழமை சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.