டெக்சாஸில் சின்ன கவுண்டி: என் பேரில் வாரன்ட் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

நெல்லை_ஆஸ்டின்

வணக்கம். கொஞ்சம் கலக்கத்தோடுதான் எழுதுகிறேன். போன நவம்பரில் குடும்பத்தோடு பிக் பெண்ட் தேசியப் பூங்கா போய்விட்டு ஆஸ்டின் திரும்பும் வழியில் மேற்கு டெக்சாஸில் ஒரு குட்டி ஊர். 75 மைல் சாலை ஊருக்குப் பக்கத்தில் வரும்போது 45 ஆகிவிடும். நான் 58-ல் போனேன். நிறுத்தி டிக்கெட் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டேன். அப்புறம் வீடு மாறினோம், மகள் பிறந்தாள், சுத்தமாக மறந்துவிட்டது.

போன வாரம் இன்சூரன்ஸ் அட்டை தேடும்போது அந்த டிக்கெட் கையில் அகப்பட்டது. கடை பில் மாதிரி வழவழப்பான தாள். கார் சூட்டில் எழுத்தெல்லாம் வெளுத்துவிட்டது. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பெயரும் என் கையெழுத்தும் மட்டும் தெரிகிறது. டிக்கெட் எண் போயே போச்சு.

இதுவரை பார்த்தவை: கவுண்டி இணையதளத்தில் கோர்ட் கட்டடப் படமும் போன் எண்களும்தான் இருக்கின்றன, தேடும் வசதியே இல்லை. ஷெரிஃப் போட்டிருக்கும் ஜெயில் பட்டியலில் என் பெயர் இல்லை. ஒரு தனியார் தளத்தில் 30 டாலர் கட்டினேன். என் பெயர் சாயலில் மூன்று பேரைக் காட்டியது, அதில் ஒருவருக்கு 71 வயது, ஒஹாயோவில் இருக்கிறார்.

டிசம்பரில் சென்னை போய் எச்-1பி வேலை விசா ஸ்டாம்பிங் செய்ய வேண்டும். வாரன்ட் இருந்தால் ஏர்போர்ட்டிலேயே பிடித்துவிடுவார்களா? மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

கேட்டி_கீதா

தம்பி, முதல் வேலையாக அந்த 30 டாலர் தளத்தில் சந்தாவை ரத்து செய்யுங்கள். மாதா மாதம் கார்டில் எடுத்துக்கொண்டே இருப்பார்கள், நான் பட்டவள். இரண்டாவது வேலை, மனைவியிடம் சொல்வது. வேறு யார் வாயிலாகவாவது தெரிந்தால் வாரன்டைவிட அது பெரிய கேஸ்.

ராஜா_லபக்

ஷெரிஃப் ஆபீஸுக்கு நேரில் போய்க் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்களே. எதற்கு இவ்வளவு சுற்றல்?

பழைய_குமாஸ்தா

ராஜா, வாரன்ட் இருந்தால் அவர்கள் சொல்வதோடு நிறுத்த மாட்டார்கள், உள்ளேயும் உட்கார வைப்பார்கள். ஷெரிஃப் வாரன்டை நிறைவேற்றுகிறவர். வழக்கு இருக்கும் இடம் கோர்ட்.

நெல்லை சார், நான் சான் அன்டோனியோவில் ஒரு வக்கீல் ஆபீஸில் பதினோரு வருடம் ஃபைல் தூக்கியவன். வக்கீல் இல்லை. அனுபவத்தில் சொல்கிறேன்.

டெக்சாஸில் 254 கவுண்டி. 2020 கணக்கெடுப்பில் லவிங் கவுண்டியில் 64 பேர்தான். நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் ஒரு வரிசைக்கு அதற்கு மேல் உட்காருவார்கள். இந்த மாதிரி இடங்களில் பல வேலைகளை ஒருவரே பார்ப்பார். ஆன்லைனில் ஒன்றும் இல்லை என்றால் பதிவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பொதுமக்கள் தட்டிப் பார்க்கிற மாதிரி மாநிலம் முழுமைக்குமான வாரன்ட் பட்டியலும் டெக்சாஸில் கிடையாது, போலீஸ் பார்க்கும் தரவுத்தளம் நமக்குத் திறக்காது. நீங்கள் பார்த்த ஜெயில் பட்டியலில் ஏற்கெனவே பிடிபட்டவர்கள்தான் இருப்பார்கள். இன்னொன்று, வாரன்டின் நகலைக் கோர்ட் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது அது நிறைவேற்றப்பட்ட பிறகுதான். அதனால் நிலுவையில் இருக்கும் வாரன்டைக் கேட்டால் கையை விரிப்பார்கள். உங்கள் சொந்த வழக்கின் நிலை என்ன என்று கேட்டால் பதில் வரும். கேள்வியை அப்படிப் போடுங்கள்.

எங்கே கேட்பது? பெரிய குற்றம் என்றால் டிஸ்ட்ரிக்ட் கிளார்க், அதைவிடச் சின்னதான கிளாஸ் ஏ, பி குற்றம் என்றால் கவுண்டி கிளார்க். வேக டிக்கெட் கிளாஸ் சி, அதாவது அபராதம் மட்டுமே உள்ள கடைசி வகை. நிறுத்தியது ஊர் போலீஸ் என்றால் முனிசிபல் கோர்ட். ஷெரிஃப் ஆளோ மாநில ட்ரூப்பரோ (மாநில போலீஸ்) என்றால் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ், சுருக்கமாக ஜே.பி. கோர்ட். சின்ன கவுண்டியில் ஒன்றிலிருந்து நாலு ஜே.பி. வரை இருக்கலாம், ஒருவரிடம் இல்லாத வழக்கு அடுத்தவரிடம் இருக்கும். (ஜே.பி. ஆக வக்கீல் படிப்பு வேண்டியதில்லை. அதனால் இளப்பமாக நினைக்காதீர்கள், மேஜைக்கு அந்தப் பக்கம் அவர்தான் நீதிபதி.)

நீங்கள் போட்ட கையெழுத்து குற்றத்தை ஒப்புக்கொண்டது இல்லை, ஆஜராகிறேன் என்ற வாக்குறுதி. வராததற்கு இரண்டாவது வழக்கு ஒன்று சேர்ந்திருக்கலாம். ஆனால் 2017 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம், ஆஜராகாததற்கு நேராக வாரன்ட் போட முடியாது. முதலில் போனிலோ தபாலிலோ அறிவிப்புக் கொடுத்து இன்னொரு தேதி தர வேண்டும். வீடு மாறியதால் உங்கள் அறிவிப்பு பழைய முகவரிக்குப் போயிருக்கும். அதே திருத்தத்தில் நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு: பிடிபடுவதற்கு முன் நீங்களாக ஆஜராகி, தீர்த்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு முயன்றால், அந்த வாரன்டை நீதிபதி திரும்பப் பெற வேண்டும்.

ஏர்போர்ட் பற்றி: கிளாஸ் சி-க்காக உங்களை வேறு மாநிலத்திலிருந்து இழுத்து வர மாட்டார்கள். டெக்சாஸுக்குள் பின்விளக்கு எரியவில்லை என்று வண்டியை நிறுத்தினாலும் வாரன்ட் இருந்தால் கைவிலங்குதான். அப்புறம் விசாவுக்கான டி.எஸ்.-160 படிவத்தில் கைதானதுண்டா என்ற கேள்விக்கு ஆமாம் என்று எழுத வேண்டி வரும். அதற்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

நெல்லை_ஆஸ்டின்

குமாஸ்தா ஐயா, நன்றி. மனைவியிடம் சொல்லிவிட்டேன், அது தனிக் கதை.

இன்று போன் போட்டேன். முதல் ஜே.பி. ஆபீஸில் யாரும் எடுக்கவில்லை, மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை சாப்பாட்டுக்குப் பூட்டிவிடுவார்களாம். இரண்டாவதில் ஒரு அம்மா எடுத்தார், நிதானமாகத் தேடினார். என் குடும்பப் பெயர், முதல் பெயர், இரண்டையும் மாற்றிப் போட்டு, எல்லாம் பார்த்துவிட்டு இல்லை என்றார். முதல் ஆபீஸை மறுபடி பிடித்தேன், அங்கேயும் இல்லை. லைசென்ஸ் புதுப்பிக்கத் தடை போட்டிருக்கிறதா என்று பார்க்கும் ஆம்னிபேஸ் தளத்திலும் ஒன்றும் காட்டவில்லை. அப்போ வழக்கே போடவில்லை என்று விட்டுவிடலாமா?

பழைய_குமாஸ்தா

விடாதீர்கள். எல்லாக் கோர்ட்டும் ஆம்னிபேஸில் சேர்ந்திருக்கவில்லை. ஒரு கேள்வி: டிக்கெட் வாங்கியபோது லைசென்ஸில் இப்போதிருக்கும் பெயரேதான் இருந்ததா?

கேட்டி_கீதா

அட ஆமாம்! என் வீட்டுக்காரருக்கும் இது நடந்தது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் தனியாக இல்லாமல் ஒரே பெயராக இருந்தால் விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று அடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். ஆபீஸில் இரண்டு வருடம் அவரை ஃபனு, ஃபனு என்றே கூப்பிட்டார்கள், மனுஷன் திரும்பிப் பார்க்கவும் பழகிவிட்டார்.

நெல்லை_ஆஸ்டின்

கீதா அக்கா, அதேதான்! பாஸ்போர்ட் புதுப்பித்தபோது பெயரைப் பிரித்தேன், லைசென்ஸில் மாறியது இந்த மார்ச்சில்தான். நவம்பரில் நான் எஃப்.என்.யு.

பழைய_குமாஸ்தா

பெயரால் தேடச் சொல்லவே வேண்டாம். லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் கொடுங்கள். பெயர் மாறினாலும் அந்த எண் மாறாது. கிடைத்ததும் ஆன்லைனில் பணம் கட்டுகிறேன் என்று அவசரப்படாதீர்கள். பணம் கட்டினால் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிடும். டிஃபர்ட் டிஸ்போஸிஷன் கிடைக்குமா என்று கேளுங்கள்: அதிகபட்சம் 180 நாள், அதற்குள் நிபந்தனைகளை முடித்தால் வழக்குத் தள்ளுபடி. தருவதும் தராததும் நீதிபதி இஷ்டம். தயக்கமாக இருந்தால் அந்தக் கவுண்டியிலேயே வழக்கமாக ஆஜராகும் வக்கீலைப் பிடியுங்கள். ஆஸ்டின் வக்கீல் அங்கே போய் வர ஒரு நாள் ஆகும், அதற்கும் சேர்த்து பில் வரும்.

நெல்லை_ஆஸ்டின்

கிடைத்துவிட்டது. இரண்டாவது ஆபீஸ் அம்மாவேதான். லைசென்ஸ் எண்ணைச் சொன்ன அரை நிமிடத்தில், "ஓ, மிஸ்டர் ஃபனு!" என்று சிரித்தார். வேகத்துக்கு ஒன்று, ஆஜராகாததற்கு ஒன்று, ஆக இரண்டு வழக்கு. பழைய வீட்டுக்கு அனுப்பிய தபால் திரும்பி வந்து ஃபைலில் கிளிப் போட்டு இருக்கிறதாம். வாரன்ட் ஜூனில் கையெழுத்தாகியிருக்கிறது.

உள்ளூர் வக்கீல் ஒருவரை வைத்தேன். அவர் மனுப் போட்ட மூன்றாம் நாள் வாரன்ட் ரத்து. ரத்து உத்தரவின் நகல் ஒன்று காரிலேயே இருக்கட்டும், கம்ப்யூட்டரில் நீங்கச் சில நாள் பிடிக்கும் என்றார். வேக வழக்குக்கு 90 நாள் டிஃபர்ட், ஒரு டிரைவிங் வகுப்பு. மற்றதை நீதிபதி தள்ளிவிட்டார்.

கேட்டி_கீதா

அந்த நகலை க்ளவ் பாக்ஸில் வைக்காதீங்க தம்பி.

நெல்லை_ஆஸ்டின்

90 நாள் முடிந்து நேற்று தபால் வந்தது. தள்ளுபடி உத்தரவு, கோர்ட் முத்திரையோடு இரண்டு நகல். இரண்டிலும் என் முதல் பெயர் எஃப்.என்.யு. என்றே இருக்கிறது. திருத்தித் தரச் சொல்லி அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. மணி பன்னிரண்டே கால்.