லேக் பிளாசிட் 1980 ஹாக்கி டிக்கெட், வாங்கலாமா?

பனிப்பித்தன்:
மக்களே ஒரு டவுட்டு. நாலஞ்சு வருஷமா குளிர்கால ஒலிம்பிக் பின் (சட்டைல குத்துற பேட்ஜ்) மட்டும்தான் சேத்துட்டு இருந்தேன், இப்பதான் டிக்கெட் பக்கம் ஆசை வந்திருக்கு. ஒருத்தர் அமெரிக்கால லேக் பிளாசிட்ல நடந்த 1980 குளிர்கால ஒலிம்பிக் ஐஸ் ஹாக்கி டிக்கெட், பாதி கிழிச்சது, "அமெரிக்கா சோவியத்தை ஜெயிச்சு தங்கம் வாங்கின ஃபைனல்"னு போட்டு விக்கிறார். பிப்ரவரி 24னு அச்சாகி இருக்கு. விலையப் பாத்தா தலை சுத்துது, ஆனா விடவும் மனசு வரல. ஒரிஜினல்தானா?

பழைய பேப்பர்:
டிக்கெட் ஒரிஜினலாவே இருக்கலாம் ப்ரோ, கதைதான் டூப்ளிகேட். சோவியத் மேட்ச் 22ம் தேதி வெள்ளிக்கிழமை, 4-3. அது ஃபைனலே இல்ல, கடைசி ரவுண்டுல நாலு டீம், பாயிண்ட் கணக்குதான். 24 ஞாயித்துக்கிழமை ஃபின்லாந்தை 4-2ன்னு அடிச்ச அப்புறம்தான் தங்கம் உறுதியாச்சு. எல்லாரும் தேடுறது 22ம் தேதி டிக்கெட்டத்தான், 24க்கு அந்த விலை குடுக்காதீங்க.

ஸ்கேட் மணி:
அந்த டீம் பேரு ஒட்டிக்கிட்டா விலை எகிறிடும். அந்த அமெரிக்க டீம்ல ஆடின மார்க் வெல்ஸ் மருத்துவச் செலவுக்காக வித்த தங்க மெடல் 2010 ஏலத்துல 3,10,700 டாலருக்குப் போச்சு, கேப்டன் எருசியோனி சோவியத் மேட்ச்ல போட்ட ஜெர்சி 2013ல 6,57,250. அதான் ஆளாளுக்கு சோவியத் பேர ஒட்டிப் பாக்குறாங்க. ஸ்கேன் கேளுங்க, முன்னாடி பின்னாடி ரெண்டும். லென்ஸ் வச்சுப் பாத்தா எழுத்தோட ஓரம் சுத்தமா இல்லாம பொடிப்பொடியா புள்ளி சிதறி இருந்தா வீட்டு பிரிண்டர் வேலை.

பழைய பேப்பர்:
யூவி லைட் அடிச்சுப் பாருன்னு சிலர் சொல்வாங்க, 1980 பேப்பர்லயே வெளுப்பு கெமிக்கல் உண்டு, அதனால அந்த லைட்ல பளிச்சுனு தெரிஞ்சாலும் போலின்னு சொல்ல முடியாது. அந்த கெமிக்கல் வர்றதுக்கு முன்னாடி வந்த 1924, 1932 சாமானுக்குத்தான் அது உதவும். சொல்ல மறந்துட்டேன், 1924ல பிரான்ஸ்ல ஷாமொனில நடந்த போட்டியோட போஸ்டர்னு யாராச்சும் நீட்டி அதுல "முதல் குளிர்கால ஒலிம்பிக்"னு அச்சடிச்சிருந்தா ஓடிடுங்க 😂 அப்ப அதுக்கு அந்தப் பேரே கிடையாது, வெறும் குளிர்கால விளையாட்டு வாரம், ஒலிம்பிக்னு அங்கீகாரம் குடுத்ததே பின்னாடிதான். மெடல்லயே "ஷாமொனி மோன்பிளான், குளிர்கால விளையாட்டு"ன்னுதான் பிரெஞ்சுல பொறிச்சிருக்கும்.

பனிப்பித்தன்:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். நேத்து ராத்திரி அவருக்கு ஃபின்லாந்து விஷயத்த எழுதிப் போட்டு ஸ்கேனும் கேட்டேன், பதிலே காணோம். காலைல பாத்தா "சோவியத்"த மட்டும் சத்தமில்லாம தூக்கிட்டார், விலை அப்படியே இருக்கு.