"சந்தேகம் வந்தால் பாதி கொடுக்கிறார்" என்று நடுவர் தேர்வில் என்னை மதிப்பிட வந்த அசெஸர் எழுதிவிட்டார். எப்படித் திருத்திக்கொள்வது?

களியக்காவிளை விசில்:

ரப்பர் ஷீட் வாங்கும் கடையில் கணக்கு எழுதுகிறேன், சனி ஞாயிறு வந்தால் கால்பந்து நடுவராக விசில். மாவட்ட அளவில் நாலு வருடமாக ஊதுகிறேன். தூத்தூர், சின்னத்துறை, நீரோடி என்று கடற்கரை ஊர்களில் பாதி ஆட்டம், எல்லை தாண்டி பொழியூர், பாறசாலைப் பக்கம் மீதி. மாநில அளவுக்குப் போக இந்த வருடம் முயற்சி செய்தேன். எழுத்துத் தேர்வு முடிந்தது. ஓட்டத் தேர்வில் 40 மீட்டர் ஆறு முறை, அப்புறம் 75 மீட்டர் ஓட்டம் 25 மீட்டர் நடை என்று 40 தடவை, நாக்கு வெளியே வந்தாலும் அதுவும் முடிந்தது. ஆட்டத்தை நேரில் பார்த்து மதிப்பிடுவதில்தான் நின்றுவிட்டேன்.

எழுபது நிமிடம் வரை எனக்கே என்னைப் பிடித்திருந்தது. கோல்கீப்பர் எட்டு வினாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்று 2025-ல் வந்த விதியைக்கூட மறக்காமல், கையைத் தூக்கிக் கடைசி ஐந்து வினாடியை எண்ணிக் காட்டினேன். பையன் மூன்று எண்ணுவதற்குள் உதைத்துவிட்டான்.

அப்புறம் ஒரு கார்னர். தடுத்தவர்கள் தலையால் வெளியே தள்ளி, இரண்டே பாஸில் மறுபக்கம் பறந்துவிட்டார்கள். நான் முப்பது முப்பத்தைந்து மீட்டர் பின்னால். முன்னால் ஓடிய பையனின் சட்டையை ஸ்டாப்பர், அதாவது கடைசித் தடுப்பாளன், பிடித்து இழுக்கிறான், இருவரும் கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பாக்ஸ் கோட்டுப் பக்கம் விழுகிறார்கள். பிடித்ததைப் பார்த்தேன், எங்கே விட்டான் என்பதைப் பார்க்கவில்லை. ஊதினேன். கோட்டுக்கு வெளியே ஃப்ரீ கிக், மஞ்சள் அட்டை. ஒரு பக்கம் தமிழில் திட்டு, இன்னொரு பக்கம் மலையாளத்தில். எனக்கு இரண்டும் நன்றாகப் புரியும், அதுதான் கொடுமை.

ஆட்டம் முடிந்து, கோட்டோரம் கொடியோடு ஓடும் துணை நடுவரைப் பற்றி அசெஸர் கேட்டது ஒன்றுதான்: "அசிஸ்டென்டைப் பார்த்தீர்களா?" பார்க்கவில்லை. பிறகு தாளில் தலைப்பில் உள்ள வரி. முதலில் கோபம் வந்தது, வீட்டுக்கு வந்து பைக்கை நிறுத்தும்போதே அது போய்விட்டது, ஏனென்றால் பழைய ஆட்டங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன, சிவப்பா என்று சந்தேகம் வந்த இடத்தில் மஞ்சள், பெனால்டியா என்று சந்தேகம் வந்த இடத்தில் வெளியே ஃப்ரீ கிக், மஞ்சளா என்று சந்தேகம் வந்தால் கூப்பிட்டு நாலு வார்த்தை. இதையெல்லாம் நான் நிதானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதே பழக்கத்திலிருந்து வெளியே வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பழைய விசில்:

தம்பி, இருபது வருடத்துக்கு மேல் ஊதி, முட்டி போய் வீட்டில் இருக்கிறேன். முதலில் விதியை முடித்துவிடுவோம். வெளியே பிடிக்க ஆரம்பித்து உள்ளே வரை விடாமல் பிடித்திருந்தால் பெனால்டி. கோடும் பாக்ஸைச் சேர்ந்ததுதான். இது உங்களுக்குத் தெரியும், எழுத்துத் தேர்வில் எழுதியும் இருப்பீர்கள். அதனால் விதிப் புத்தகத்தைத் திரும்பப் படிக்கச் சொல்ல மாட்டேன்.

நீங்கள் தோற்றது ஊதிய பிறகு. அசிஸ்டென்ட் அந்த நேரம் கடைசித் தடுப்பாளரோடு ஓடிக்கொண்டிருந்திருப்பார், உங்களைவிட அவருக்குத்தான் கோடு நேராகத் தெரியும். ஃபவுல் உள்ளே என்றால் கொடியைத் தூக்கிவிட்டுக் கார்னர் கொடிப் பக்கம் நகர்வார். அவரைப் பார்க்க ஒரு வினாடி போதும். அதைவிடுங்கள், ஃப்ரீ கிக் எடுத்து ஆட்டம் மறுபடி தொடங்கும் வரை முடிவை மாற்ற உங்களுக்கு உரிமை இருக்கிறது. நடந்துபோய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் மரியாதை போய்விடும் என்ற பயம் எல்லை ஊர்களில் கொஞ்சம் அதிகம், எனக்கும் இருந்தது. பந்தல் போட்டு, மைக் வைத்து, "ரெஃப்ரி வாழ்க" என்று கிண்டல் செய்வார்கள் இல்லையா, அந்தச் சத்தத்தில் அறுபது மீட்டர் நடப்பது லேசில்லை.

2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தின் டி யோங் காலைத் தூக்கி ஸ்பெயினின் அலோன்சோவின் நெஞ்சில் வைத்தாரே, நடுவர் ஹோவர்ட் வெப் மஞ்சள்தான் காட்டினார். பார்வை மறைந்திருந்தது, சிவப்பாக இருந்திருக்க வேண்டும் என்று பிறகு அவரே சொன்னார். மறைந்துபோன காட்சிக்கு அங்கேயும் மஞ்சள்தான் வந்தது, கவனியுங்கள்.

கொழிஞ்சாம்பாறை செவன்ஸ்:

அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஊதுவீர்களா? எங்கள் பாலக்காட்டுப் பக்கம் லெவன்ஸ் ரெஃப்ரிகளுக்கு வரும் வியாதி இது. சின்ன மைதானம், நடுவில் நின்றாலே எல்லாம் பத்தடியில் நடக்கும், நான் ஊதும் ஆட்டங்களில் லைன்ஸ்மேன் கொடி காட்டும் ஆஃப்சைடும் கிடையாது, அதனால் லைனைப் பார்க்கும் பழக்கமே கழுத்துக்கு வராது. ஆட்கள் வேறு பணம் கட்டி டிக்கெட் எடுத்து வந்திருப்பார்கள், சிவப்பு கொடுத்து நட்சத்திர ஆட்டக்காரனை வெளியே அனுப்பினால் கமிட்டிக்காரர் முகத்தைப் பார்க்க முடியாது. அப்படியே சமாளித்துச் சமாளித்துக் கை பழகிவிடும். தேர்வு முடியும் வரை ஒரு சீசன் செவன்ஸை விட்டுப் பாருங்கள். காசு போகும், தெரியும்.

களியக்காவிளை விசில்:

கிறிஸ்துமஸ் சமயத்தில் மட்டும் ஊதுவேன். ஆழ்கடலுக்குப் போனவர்கள் திரும்பியிருப்பார்கள், ஊருக்கு ஊர் டூர்னமெண்ட், கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொன்ன கழுத்து விஷயம் சுட்டது.

பத்தாம் நம்பர்:

அண்ணா, நான் விளையாடுகிறவன், ரெஃப்ரி இல்லை. ஆட்டக்காரன் கண்ணால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். பாதி கொடுக்கிற ரெஃப்ரியை நாங்கள் பதினைந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவோம். அப்புறம் ஸ்டாப்பர் தைரியமாகச் சட்டையைப் பிடிப்பான், வெளியே ஃப்ரீ கிக்தானே வரும் என்று. நாங்களும் சும்மா இருக்க மாட்டோம், தொட்டதற்கே இரண்டு உருளல் உருளுவோம், பாதி கழித்தாலும் மீதி கிடைக்கட்டும் என்று. கத்துகிறவர்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள், எது கொடுத்தாலும் கத்துவோம்.

பழைய விசில்:

பத்தாம் நம்பர் சொன்னதை அச்சடித்து ஒட்டி வைக்கலாம்.

தம்பி, நிற்கிற இடத்தையும் பாருங்கள். கார்னர் சமயத்தில் பாக்ஸ் விளிம்பில் நின்று கூட்டத்தைப் பார்க்கிறீர்கள், சரி. ஆனால் பந்து வெளியே வந்தால் யாரிடம் போகும் என்பதை உதைப்பதற்கு முன்பே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவைக்க வேண்டும். முன்னால் ஒருத்தனை விட்டுவைத்திருந்தால் அது எதிர்த்தாக்குதல் என்று எழுதி ஒட்டியது போலத்தான். பந்து தலையில் பட்ட நொடியில் முதல் பத்து மீட்டரை முழு வேகத்தில் ஓடினால், முப்பத்தைந்து மீட்டர் தூரம் இருபதாகும். பெரும்பாலானவர்கள் பந்து போவதைப் பார்த்துவிட்டு ஓடுகிறார்கள், ஸ்டாமினா இருந்தும் பிந்துகிறார்கள். கடற்கரை மணலில் பயிற்சி என்றால் இன்னொன்றும் உண்டு, மணல் குட்டி அடி வைக்கப் பழக்கும். வாரத்தில் இரண்டு நாளாவது கெட்டித் தரையில் ஓடுங்கள்.

ஞாயிறு லைன்ஸ்மேன்:

அசிஸ்டென்டாக அதிகம் போகிறவன் நான், எங்கள் பக்கமும் கேளுங்கள். ஆட்டத்துக்கு முன் நடுவர் வந்து "பாக்ஸ் பக்கம் எனக்குத் தெரியாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள், நான் உங்களைப் பார்ப்பேன்" என்று சொன்னால்தான் எங்களுக்குக் கை எழும். சொல்லாத நடுவரிடம் கொடி தூக்கிவிட்டு, அவர் திரும்பியே பார்க்காமல் அசடு வழிய இறக்கிய நாட்கள் எனக்கு உண்டு. அன்று உங்கள் அசிஸ்டென்ட் கொடி தூக்கினாரா இல்லையா?

களியக்காவிளை விசில்:

இதைக் கேட்பீர்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். நேற்று அவருக்கு ஃபோன் செய்தேன். தூக்கியிருக்கிறார். கார்னர் கொடி பக்கம் நாலடி நகர்ந்தும் இருக்கிறார். நான் மஞ்சள் அட்டையை எடுத்துவிட்டதைப் பார்த்து இறக்கிவிட்டாராம். "அண்ணனுக்குத் தெளிவாகத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்" என்றார். ஆட்டத்துக்கு முன் நான் அவரிடம் பேசியது ஆஃப்சைடும் த்ரோவும் மட்டும்.

சட்டை பிடிபட்ட பையனின் அணி ஒரு கோலில் தோற்றது. அடுத்த வாரம் நீரோடியில் ஓர் ஆட்டம் இருக்கிறது, அதே அசிஸ்டென்டைத்தான் கேட்டிருக்கிறேன். அரை மணி நேரம் முன்னதாக வரச் சொல்லியிருக்கிறேன்.