இரவு 11-க்கு மேல் தொலைநோக்கி மவுன்ட் ரீசெட் ஆகிறது, நட்சத்திரம் ஊதித் தெரிகிறது (கடலூர்)

கெடிலக்கரை:
தேவனாம்பட்டினம் பக்கம் மொட்டை மாடி. 8 அங்குல ஷ்மிட்-காசெகிரெய்ன் தொலைநோக்கி, அதைத் தாங்கி நட்சத்திரத்தின் நகர்வுக்கு ஏற்ப மோட்டாரால் திருப்பும் ஜெர்மன் ஈக்வடோரியல் மவுன்ட். 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் யுபிஎஸ் பேட்டரியிலிருந்து 3 மீட்டர் ஒயரில் மவுன்டும், கண்ணாடியில் பனி படியாமல் சூடாக்கும் டியூ ஹீட்டரும் ஓடுகின்றன. முன்னிரவில் குறை எதுவும் இல்லை. 11 மணிக்கு மேல் வேறு நட்சத்திரத்துக்குத் திருப்பினால் ஹேண்ட் கன்ட்ரோலரில் "நோ ரெஸ்பான்ஸ் 16" வருகிறது, சில நேரம் முழுக்க ரீசெட் ஆகி அலைன்மென்ட் (எந்த நட்சத்திரம் எங்கே என்ற அதன் கணக்கு) போய்விடுகிறது. நட்சத்திரங்களைச் சுற்றி ஒளிவட்டமும் தெரிகிறது. துருவ நட்சத்திரம் மங்கலில் மறைந்துவிடுவதால் போலார் அலைன்மென்ட் (மவுன்டின் அச்சை வான துருவத்துக்கு நேராக வைப்பது) உத்தேசம்தான். மோட்டார் போர்டு போய்விட்டதா?

முத்தியால்பேட்டை:
போர்டைக் கழற்றாதீங்க. 16 என்றால் ஆர்ஏ மோட்டார் (கிழக்கு-மேற்காகத் திருப்பும் மோட்டார்) பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். வோல்டேஜ் இறங்கினாலும் அதே செய்திதான் வரும். மல்டிமீட்டரைப் பேட்டரி முனையில் வைக்காமல் மவுன்ட் பிளக் பக்கம் வைத்து, முழு வேகத்தில் திருப்பும்போது அளந்து பாருங்க. சும்மா நிற்கும்போது வரும் அளவை நம்ப முடியாது. ஒயர் எத்தனை சதுர மி.மீ?

கெடிலக்கரை:
ஒயர் 0.5 சதுர மி.மீ, அண்ணே. நிற்கும்போது 12.3, திருப்பும்போது 10.7.

முத்தியால்பேட்டை:
அதுதான் காரணம். 3 மீட்டர் ஒயரில் மின்சாரம் போக வர 6 மீட்டர். 0.5 சதுர மி.மீ செம்பில் அது சுமார் 0.21 ஓம், 3 ஆம்பியர் இழுத்தால் ஒயரிலேயே 0.6 வோல்ட் போய்விடும். 1.5 சதுர மி.மீ போட்டால் 0.2 வோல்ட்தான். மிச்ச இறக்கம் பேட்டரிக்குள். ஹீட்டர் 0.8 ஆம்பியர் என்றால் 5 மணி நேரத்தில் 4 ஆம்பியர்-ஹவர் தின்றுவிடும். லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் சுமையில் வோல்டேஜ் சரியும், ஆயுளும் குறையும். ஹீட்டருக்குத் தனி பேட்டரி வையுங்க. புதிதாக வாங்குவதென்றால் 12.8 வோல்ட், 20 ஆம்பியர்-ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். கடைசிவரை வோல்டேஜ் பெரிதாக இறங்காது. பேட்டரி பக்கம் 5 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். பிளக்கில் பச்சை பிடித்திருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹால் போட்டுத் தேய்த்துக் காயவிடுங்க. உப்புக்காற்றில் இது அடிக்கடி வரும்.

வில்லியனூரான்:
ஒளிவட்டத்துக்குக் காரணம் முன்கண்ணாடியில் படியும் பனி. காற்று 25 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் டியூ பாயின்ட் (நீர் படியத் தொடங்கும் வெப்பநிலை) சுமார் 23. திறந்த வானத்தைப் பார்க்கும் கண்ணாடி வெப்பத்தை இழந்து காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அந்த 2 டிகிரி இறங்கினாலே நீர் படியும். 1769 ஜூனில் புதுச்சேரியில் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கக் காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்தில் மேகத்திடம் தோற்றார். நமக்கு வந்திருப்பது பனிதானே, தடுத்துவிடலாம்.

முதலில் டியூ ஷீல்டு, அதாவது முன்கண்ணாடியைத் தாண்டி நீளும் உறை: குழாய் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம், யோகா பாய் ஃபோம் போதும். ஹீட்டர் நீங்களே செய்வதென்றால் 330 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் 22 எடுத்து இணையாகச் சால்டர் செய்யுங்க. மொத்தம் 15 ஓம், 12 வோல்டில் 9.6 வாட். அரை வாட் ரெசிஸ்டர் வேண்டாம். சார்ஜ் நிறைந்த பேட்டரியில் அளவைத் தாண்டிச் சூடாகும். ஹீட்டர் பட்டையைக் கண்ணாடி பொருந்தியிருக்கும் வளையத்தைச் சுற்றிக் கட்டணும், குழாயின் நடுவில் கட்டினால் பயனில்லை. பனி படிவதற்கு முன்பே ஆன் செய்யணும்.

படிந்த பனியைத் துணியால் துடைக்கவே கூடாது, உப்புத்துகள் கோட்டிங்கைக் கீறிவிடும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் தள்ளி வைத்து ஆற்றுங்க. ஈரத்தோடு மூடியைப் போட்டுப் பெட்டியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், அதற்கப்புறம் அந்தக் கண்ணாடியைக் காப்பாற்றுவது கஷ்டம்.

முத்தியால்பேட்டை:
போலார் அலைன்மென்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 12 டிகிரிதான், அதை நம்பவே வேண்டாம். டிரிஃப்ட் முறை, அதாவது நட்சத்திரம் நகரும் திசையை வைத்து அச்சைச் சரிசெய்வது: ஓரியன் பட்டையின் மின்டாகா நட்சத்திரம் வான நடுக்கோட்டுக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) வெகு அருகில் இருக்கிறது. அது உச்சியைக் கடக்கும் நேரத்தில் குறுக்குக்கம்பி ஐபீஸில் 5 நிமிடம் பாருங்க. தெற்கே நகர்ந்தால் மவுன்டின் அச்சு துருவத்துக்குக் கிழக்கே நிற்கிறது, வடக்கே நகர்ந்தால் மேற்கே. பிறகு கிழக்கில் 20–30 டிகிரி உயரத்தில் இன்னொரு நடுக்கோட்டு நட்சத்திரம்: தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்வு, வடக்கே நகர்ந்தால் உயரம். இவ்வளவு தாழ்ந்த கோணத்தில் எதிர்எடைக் கம்பி முக்காலியின் வடக்குப் பக்கக் காலில் இடிக்கலாம், மோட்டாரைப் போடுமுன் கையால் சுற்றிப் பாருங்க.