முல்லைத்தீவு நந்திக்கடல் களப்புப் பக்கத்து வயலில் சாம்பல் மண்

கேள்வி: மாரி மழை விட்டு ஒரு மாதமாகியும் வயலில் தண்ணீர் வடியவில்லை, ஒன்றரை அடி வெட்டினால் சாம்பல் நிறமாக இருக்கிறது, இடையிடையே துருப் புள்ளிகள், கூழ்முட்டை மணம் வேறு. உரம் போட்டால் சரிவருமா?

பதில்: உரத்தை விடுங்கோ அண்ணை. தண்ணீர் நின்று காற்றுப் புகாத மண்ணில் இரும்பு செந்நிறத்தை இழந்துவிடும், அதுதான் சாம்பல். வேர் போன வழியில் காற்று நுழைந்த இடங்களில் திரும்பத் துருப்பிடிக்கும். மணம் ஐதரசன் சல்பைட்டு வாயு.

இன்னொருவர்: கோடையில் மண்ணின் மேலே வெள்ளையாக உப்புப் பூக்கிறதா? மண்ணில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறனை அளந்து பாருங்கள், மீற்றருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் உவர்மண் என்பார்கள். மண்ணைத் திருத்தப் போடும் ஜிப்சம் சோடியம் மிகுந்த மண்ணுக்குத்தான், வடிகால் இல்லாவிட்டால் அதுவும் காசுக்குக் கேடு.

கேட்டவர்: பூக்கிறது, கரைப்பக்கத் துண்டில் மட்டும்.

பதில்: அப்ப அதைப் புல்லுக்கு விட்டிட்டு, மேட்டுப்பக்கம் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டுங்கோ.