வரைபொழிப்பு: படங்களோடு வரும் நூற்சுருக்கத்துக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். படங்களோடு வரும் நூற்சுருக்கத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று போன வாரம் நான் கேட்ட கேள்விக்கு இத்தனை பேர் உட்கார்ந்து யோசித்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லா மடல்களையும் அச்செடுத்து இரண்டு முறை படித்தேன். இடையில் சேர்ந்தவர்களுக்காகப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு கைப்பேசிச் செயலி செய்துகொண்டிருக்கிறோம். தன்வரலாறு, வரலாறு, பயணம், அறிவியல் என்று கதையல்லாத தமிழ் நூல்களை எடுத்து, திரைக்கு ஒரு படமும் நாலைந்து வரிகளுமாக, ஒரு பேருந்துப் பயண நேரத்தில் படித்து முடிக்கும்படி தருவது அதன் வேலை. ஆங்கிலத்தில் இந்த வகை புதிதல்ல. பெர்லினில் 2012-இல் தொடங்கப்பட்ட பிளிங்கிஸ்ட் எழுத்தாகவும் ஒலியாகவும் தருகிறது. படத்தையே முன்னால் வைக்கும் இம்ப்ரிண்ட் என்ற செயலியை 2023-இல் கூகுள் பிளே அமெரிக்காவில் அந்த ஆண்டின் சிறந்த செயலியாகத் தேர்ந்தெடுத்தது. தமிழில் இந்தப் பண்டத்துக்கு இன்னும் பெயர் இல்லை. முகப்புத் திரையில் ஒரு பொத்தான் இருக்கிறது. இப்போதைக்கு அதில் 'சம்மரி' என்று எழுதி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் மனது உறுத்துகிறது.

வந்த சொற்களில் அதிகம் பேர் சொன்னது 'சுருக்கம்'. எளிய சொல், எல்லாருக்கும் புரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கு ஒரு தடை இருக்கிறது. பெரிய நாவலின் சுருக்கப் பதிப்பு என்று ஒன்று வருகிறதல்லவா, அதில் என்ன செய்கிறார்கள்? ஆசிரியரின் வாக்கியங்களையே வைத்துக்கொண்டு நடுநடுவே வெட்டுகிறார்கள். குரல் ஆசிரியருடையது, நீளம்தான் குறைகிறது. நாங்கள் செய்வது அதுவல்ல. நூலைப் படித்த ஒருவர், தான் புரிந்துகொண்டதைத் தன் வாக்கியத்தில் சொல்கிறார். இன்னொருவர் வரைகிறார். படிப்பவர் கேட்பது இவர்கள் குரலை. இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரியவேண்டும் என்பதுதான் என் ஒரே பிடிவாதம். 'சுருக்கம்' என்று போட்டால் படிப்பவர், ஆசிரியரையே குறைந்த அளவில் படித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். அது அவருக்கும் நியாயமில்லை, ஆசிரியருக்கும் நியாயமில்லை.

உரிமை பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பெயரை மாற்றினால் சட்டம் மாறாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, நூலைச் சுருக்குவதையும், கதையையோ நிகழ்வையோ முழுக்கவோ பெரும்பாலுமோ படங்களால் சொல்வதையும் 'தழுவல்' என்ற ஒரே விளக்கத்துக்குள் வைத்திருக்கிறது. தழுவும் உரிமை உரிமையாளருடையது. அதனால் உரிமை முடிந்த நூல்களிலிருந்து தொடங்குகிறோம். முதல் நூல் உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. அவர் 1942-இல் மறைந்தார், ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு என்ற கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது.

'படச்சுருக்கம்' சரிவராது. தெருவில் யாரிடம் கேட்டாலும் படம் என்றால் சினிமாதான். படச்சுருக்கம் என்று பார்த்ததும் திரைப்படத்தின் கதைச்சுருக்கம் என்றே எடுத்துக்கொள்வார்கள். என் தங்கை மகளிடம் காட்டினேன், "எந்தப் படம், மாமா?" என்றாள். 'சுருக்குநூல்' என்று எழுதியவர் நூல் என்பதன் இன்னொரு பொருளை மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். எங்கள் பாட்டி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையின் கயிறுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. 'குறுநூல்' என்றால் அது தனியாக எழுதப்பட்ட சின்ன நூல் என்றாகிவிடும்.

'சாறு', 'பிழிவு' இரண்டையும் இரண்டு பேர் அழுத்தமாகச் சொன்னீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சாறு எடுத்தபின் மிஞ்சுவதற்கு நம் மொழியில் சக்கை என்று பெயர். ஒரு நூலின் சாற்றை நாம் எடுத்துக் கொடுத்துவிட்டோம் என்றால், கடையில் இருக்கும் அந்த நூல் சக்கை என்று ஆகிறது. எங்கள் செயலியைப் பார்த்துவிட்டு ஒருவர் நூலகத்துக்குப் போய் அந்த நூலைக் கேட்கவேண்டும் என்றுதான் இதைச் செய்கிறோம். அந்த ஆசைக்கே எதிரான சொல் வேண்டாம்.

'இமைப்பு' என்ற யோசனை அழகானது. பிளிங்கிஸ்ட்டின் பெயரும் கண்ணிமைப்பிலிருந்து வந்ததுதான். அதை எழுதியவர் தொல்காப்பியத்தின் "கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை" என்ற நூற்பாவையும் காட்டி, 'மாத்திரை' என்றே வைக்கலாமா என்று கேட்டிருந்தார். மாத்திரை இன்று மருந்துக்கடைக்குப் போய்விட்டது, திரும்பக் கூப்பிட முடியாது. இமைப்பு ஒரு நிறுவனத்தின் உருவகம். அதை மொழிபெயர்த்து வகைப்பெயராக்கினால் நாளைக்கு வேறொருவர் இதே போன்ற செயலி செய்யும்போது அவருக்கு அது பொருந்தாது. கலைச்சொல் என்பது எங்கள் நான்கு பேருக்கு மட்டும் உதவினால் போதாது.

சரி, இனி என் முன்மொழிவு. 'பொழிப்பு'.

பள்ளிக்கூடத்தில் திருக்குறள் படித்த எல்லாருக்கும் பொழிப்புரை தெரியும். பதவுரை சொல்சொல்லாகப் பிரித்துப் பொருள் சொல்லும், விளக்கவுரை விரிக்கும், பொழிப்புரை திரண்ட கருத்தைச் சொல்லும். இறையனார் அகப்பொருள் என்ற பழைய இலக்கண நூலின் உரையில் சூத்திரத்துக்கு உரை சொல்லும் முறையாக நான்கு வரும்: கருத்துரைத்தல், கண்ணழித்தல் (சொல்சொல்லாகப் பிரித்துப் பொருள் சொல்வது), பொழிப்புத் திரட்டல், அகலங் கூறல் (விரித்துச் சொல்வது). கவனியுங்கள், 'பொழிப்புத் திரட்டல்'. நமக்கு வேண்டிய வினைச்சொல்லும் அங்கேயே கிடைத்துவிட்டது. தயிர் கடையும்போது வெண்ணெய் திரண்டு வருவது போலக் கருத்து திரள்கிறது. கீழே மோர் மோராகவே இருக்கிறது, அதையும் குடிக்கலாம், யாரும் அதைச் சக்கை என்று சொல்வதில்லை.

இந்தச் சொல்லில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்: பொழிப்பு என்றதும் "யாருடையது?" என்ற கேள்வி தானாக வருகிறது. பரிமேலழகர் உரையா, மு.வ. உரையா என்று கேட்டுப் பழகிய சமூகம் நாம். பொழிப்புரையை யாரும் மூலம் என்று மயங்கியதில்லை. மூலம் மேலே இருக்கும், உரை கீழே இருக்கும், உரையாசிரியர் பெயர் அட்டையில் இருக்கும். அதே ஒழுங்கை எங்கள் செயலியிலும் வைக்கப்போகிறோம். முதல் திரையில் நூலின் பெயர், ஆசிரியர் பெயர், அதன் கீழே 'பொழிப்புத் திரட்டியவர்' என்று ஒரு பெயர், 'வரைந்தவர்' என்று ஒரு பெயர்.

யாப்பிலும் ஒரு பொழிப்பு இருக்கிறது. அடியின் முதற் சீரிலும் மூன்றாம் சீரிலும் எதுகையோ மோனையோ வந்தால் அது பொழிப்பு. "தோன்றின் புகழொடு தோன்றுக" என்பதில் இரண்டாம் சீரைத் தாண்டி ஓசை போய்ச் சேர்கிறதல்லவா? நடுவில் ஒன்றை விட்டாலும் தொடர்பு அறுவதில்லை. இரண்டு பொழிப்புக்கும் வேர் ஒன்றா என்று நான் வாதாடவரவில்லை, ஆனால் எங்கள் வேலையின் இயல்பும் இதுவே. எதை விடுவது, விட்டபின் தொடர்பு எப்படி நிற்பது என்பதுதான் ஒவ்வொரு நாளும் எங்களுக்குள் நடக்கும் சண்டை.

இதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியே ஆகவேண்டும். 'என் சரித்திரம்' படித்தவர்களுக்கு 1880 அக்டோபர் 21 மறக்காது. கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை உ.வே.சா. பார்க்கப் போன நாள். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்கிறார். இவர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அந்த மனிதரின் முகத்தில் வியப்பு வரவே இல்லை. கடைசியில் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்ற கேள்வி வருகிறது. ஏழு ஆண்டு கழித்து, 1887-இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்ததற்கு விதை அந்தக் கேள்விதான்.

எங்கள் முதல் வரைவில் இதற்கு இரண்டு திரை கொடுத்திருந்தோம். இருவர் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் படம், கீழே சிந்தாமணி பற்றிய கேள்வி. தகவல் சரிதான். ஆனால் படித்துப் பார்த்தபோது ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் முதலாவது 'குன்றக் கூறல்'. பத்து அழகில் முதலாவதாகச் 'சுருங்கச் சொல்லல்' இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு மெல்லிய கோடு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அந்தக் காட்சியின் உயிர் கேள்வியில் மட்டும் இல்லை. உ.வே.சா. சொல்லச் சொல்ல நீண்டுகொண்டே போகும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இத்தனை வருஷம் இத்தனை உழைப்போடு படித்த ஒருவரைப் பார்த்து, இன்னும் என்ன என்று ஒருவர் கேட்கும்போது அடிவயிற்றில் என்ன செய்யும்? அதை நாங்கள் வெட்டிவிட்டோம்.

எங்கள் ஓவியர் அதை மீட்டுக் கொடுத்தார். திரையைத் தட்டத் தட்ட உ.வே.சா.வின் பக்கத்தில் ஒவ்வொரு சுவடியாக, ஒவ்வொரு புத்தகமாக ஏறி அடுக்கு வளர்கிறது. எதிரே இருப்பவரின் முகம் அப்படியே இருக்கிறது. அடுக்கு திரையின் மேல் விளிம்பைத் தொடும்போது கேள்வி வருகிறது. அடுத்த தட்டலில் வெற்றுத் தரை. ஒரு சொல்கூட அதிகம் சேர்க்கவில்லை. நூலில் பக்கங்களாக ஓடுவது இங்கே பத்துப் பன்னிரண்டு தட்டலில் மனதில் ஏறிவிடுகிறது. இதைப் பார்த்தபின்தான், படம் பொழிப்புக்கு அலங்காரம் இல்லை, வரைவதே பொழிப்புத் திரட்டல் என்று உறுதியாகப் பட்டது.

அதனால்தான் 'வரைபொழிப்பு' என்கிறேன். முதலில் 'படப்பொழிப்பு' என்றே எண்ணினேன். வாய்விட்டுச் சொன்னால் படப்பிடிப்பு என்று காதில் விழுகிறது. 'சித்திரப் பொழிப்பு' குறையில்லாத சொல், ஆனால் ஒன்பது எழுத்து. வரைபொழிப்பு ஆறே எழுத்து, பொத்தானில் எளிதாக அடங்கும். வரைபடம், வரைகலை என்று ஏற்கெனவே பழகிய அமைப்புதான். வரைந்த பொழிப்பு, வரைகின்ற பொழிப்பு, வரையும் பொழிப்பு என்று விரியும் வினைத்தொகை, ஆகவே நடுவில் ப் மிகாது. 'வரைப்பொழிப்பு' என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

இனி எதிர்ப்புகள். பொழிப்பு செய்யுளுக்கு உரியது, உரைநடை நூலுக்குப் பொருந்துமா என்று தமிழாசிரியர் ஐயா கேட்டார். இலங்கைத் தமிழில் அறிக்கைகளின் சுருக்கத்தைப் பொழிப்பு என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. ஆக, உரைநடைக்கு அது ஏற்கெனவே வந்துவிட்டது. சொல் இடம் மாறுவதும் புதிதில்லை. கணினியின் உள்ளே இருக்கும் சில்லுக்குத்தான் முதலில் செயலி என்று பெயர் சொன்னோம். இன்று கைப்பேசியில் இருப்பதுதான் செயலி, மற்றது நுண்செயலி ஆகிவிட்டது, ஒருவருக்கும் குழப்பமில்லை.

இளைஞர்களுக்குப் புரியாது என்ற கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. குறும்படம், குறுஞ்செய்தி, காணொளி எல்லாம் எப்படி நின்றன? பண்டமும் சொல்லும் சேர்ந்தே கைக்கு வந்தன. பொத்தானைத் தட்டியதும் பண்டம் கண்முன்னே வந்தால் சொல்லுக்கு அகராதி தேவைப்படாது. செல்ஃபிக்கு நாம் தேடிய சொற்கள் நிற்காமல் போனதற்குக் காரணம், ஆங்கிலச் சொல் கைப்பேசியோடு முதலிலேயே வந்துவிட்டது என்பதுதான் என் எண்ணம். இங்கே இன்னும் நேரம் இருக்கிறது. அப்புறம், ழகரம் பலர் வாயில் வராது என்று ஒருவர் எழுதியிருந்தார். அது தமிழ் என்ற சொல்லுக்கும் உள்ள சிக்கல்தானே.

கதையல்லாத நூல் என்பதற்கு அபுனைவு, அல்புனைவு, புனைவிலி மூன்றும் வந்தன. மூன்றில் அல்புனைவு எனக்குச் சம்மதம். ஆனால் செயலியில் இந்தச் சொல்லே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். இது கதை இல்லை என்று சொல்வதைவிட, இது வரலாறு, இது பயணம் என்று சொன்னால் போதும்.

பொத்தானில் வெறும் 'பொழிப்பு' என்று போட்டுவிட்டு, செயலியின் விளக்கத்தில் 'வரைபொழிப்பு' என்று எழுதலாம் என்பது இப்போதைய எண்ணம். ஒலி மட்டும் உள்ளது வந்தால் 'ஒலிப்பொழிப்பு' என்று கிளை விடவும் இடம் இருக்கிறது.

ஒரே ஒரு முடிச்சு இன்னும் அவிழவில்லை. தட்டினால் மாறும் ஒவ்வொரு திரைக்கும் என்ன பெயர்? 'அட்டை' என்கிறார்கள், எனக்கு அது குடும்ப அட்டையை நினைவூட்டுகிறது. 'ஏடு' என்று சொல்லலாமா? ஏட்டைப் புரட்டுவது என்று வழக்கில் இருக்கிறது, உ.வே.சா. நூலுக்கும் பொருந்துகிறது. யாழ்ப்பாணத்து நண்பர் பள்ளிப் பாடத்தில் பொழிப்பு எப்படி வழங்குகிறது என்பதையும், ஏடு அங்கே எந்தப் பொருளில் பேச்சில் இருக்கிறது என்பதையும் எழுதினால் உதவியாக இருக்கும். வரும் ஞாயிற்றுக்கிழமை திரைகளின் எழுத்துகளை இறுதி செய்கிறோம், அதற்குள் உங்கள் மறுப்புகளையும் எழுதிவிடுங்கள்.

அன்புடன்